தொழிற்றலத்திற் குரு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினித் துறையில் உத்தியோகம் பெற்றுச் செல்லும் நம்மவர் பலர், பட்டத்தோடு குருவின் தேவையும் முடிந்ததென எண்ணுகின்றனர். உண்மையில் அங்கேதான் அத்தேவை மிகுகின்றது.

1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்குக் கடற்படை அதிகாரியாக வந்தார் கிறேஸ் ஹொப்பர் என்னும் அம்மையார். கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்லூரியிற் கற்பித்தவர், வயது 37. ஆயினும் அங்கிருந்த மார்க் 1 என்னும் மாபெருங் கணிப்பொறி அவருக்குப் புதிது. அதனை இயக்கக் கற்பித்தவருள் ஒருவரான றிச்சட் புளொக், அவரினும் மிக இளையவர். அறிவு இருக்குமிடத்தில் மாணாக்கியாய் அமர அம்மையார் நாணவில்லை.

பின்னாளில் அவரே பலருக்குக் குருவானார். ஒரு நனோசெக்கனில், அதாவது ஒரு செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கில், மின்சமிக்ஞை செல்லத்தக்க உச்ச தூரம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். அந்நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்போர் கைகளிற் கொடுப்பார். காலத்தை வீணாக்காதீர் எனக் கட்டளையிடுதல் எளிது. காரணத்தைக் கையிலே வைப்பதன்றோ கற்பித்தல்?

உபநிடதம் என்ற சொல்லுக்கு அருகே அமர்தல் எனப் பொருள் கூறுவர். மென்பொருள் தொழிலிலும் இருவர் ஒரே திரையின் முன்னமர்ந்து நிரல் எழுதும் முறை உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்வையிடும் முறையும் உண்டு. இவை பிழை களைவதற்கு மட்டுமல்ல, "ஏன் இப்படி?" என இளையவர் வினவவும் மூத்தவர் விளக்கவும் வாய்ப்பளிப்பன. "சரி" என்ற ஒரு சொல்லோடு மூத்தவர் முடித்துவிடின் அவ்வாய்ப்பு வீணே.

இன்று செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் நிரல் எழுதித் தருகின்றது. நன்று. ஆனால் நள்ளிரவில் ஒரு வைத்தியசாலையின் கணினி நின்றுபோனால், அஞ்சாது பொறுப்பேற்று நிற்பவர் யார்? அத்தகைய வேளையில் மூத்தவர் ஒருவரின் அருகிருந்து பார்த்துப் பழகியவரே. இளையோரைச் சேர்க்காத, சேர்த்தும் பழக்காத நிலையங்கள் நாளைய மூத்தோரை எங்கே தேடும்?

ஆகவே நிலையத் தலைவர்களை ஒன்று வேண்டுகின்றோம்: கற்பிக்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். நாமும் ஓர் உறுதி கொள்வோம்: தெரியாததைக் கேட்க நாணோம், நாளை நம்மை நாடி வருபவரை, வேலை மிகுதியெனத் திருப்பி அனுப்போம். குருவுக்கு நாம் செலுத்தும் தட்சிணை, அடுத்து வருபவருக்குக் கற்பித்தலேயாகும்.