கடலில் கலந்தால் கரைந்துவிடுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஜப்பானில் அணு உலைத் தண்ணீரைக் கடலில் விடுகிறார்களே, அவ்வளவு பெரிய கடலில் கரைந்துதானே போகும்?" பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நம் சம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு விழுந்தால் கரைந்து எல்லார் வீட்டுக் குழாய்க்கும் போகும். மண் விழுந்தால் அடியில் தங்கும். மேலே தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கதிரியக்கப் பொருள்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு.

டிரிட்டியம் முதல் ரகம். அது ஹைட்ரஜனின் ஒரு வடிவம்; தண்ணீரோடு தண்ணீராகவே ஆகிவிடுவதால் வடிகட்டிப் பிரிப்பது மிகக் கடினம். சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். புகுஷிமாவில் 2023 ஆகஸ்ட் முதல் வெளியேற்றும் நீரில் முக்கியமாக இருப்பது இதுதான். கடல்நீர் கலந்து, லிட்டருக்கு 1,500 பெக்கெரலுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10,000.

சீசியம்-137 இரண்டாவது ரகம். பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். 2011 விபத்தில் மலைகளிலும் வயல்களிலும் விழுந்தது, களிமண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. புயல் மழையில் அபுகுமா போன்ற ஆறுகள் அந்த வண்டலை அடித்துக்கொண்டு வருகின்றன. அணையிலும் கரையிலும் முகத்துவாரத்திலும் அது படிகிறது. உப்புநீர் பட்டதும் ஒரு பகுதி சீசியம் மண்ணை விட்டு மறுபடி தண்ணீரில் கரைகிறது. ஆகவே தெளிந்த நாளில் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. அடிச்சேற்றையும் பார்க்க வேண்டும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி. கடல் மீன் உப்பை ஓயாமல் வெளியேற்றும். சீசியமும் கூடவே போய்விடும். நன்னீர் மீன் உப்பை உடம்பில் சேர்த்து வைக்கும், சீசியமும் தங்கிவிடும். அதனால்தான் அங்கே கடல் மீன்கள் பெரும்பாலும் தடை நீங்கி விற்பனைக்கு வந்த பிறகும், சில ஆற்று, ஏரி மீன்களுக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தது. கிலோவுக்கு 100 பெக்கெரல் என்பது ஜப்பான் வைத்துள்ள வரம்பு.

இன்னொன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கதிரியக்கம் போகாது.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் இதுபற்றிச் செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பொருள்? எவ்வளவு? அளந்தது தண்ணீரிலா, சேற்றிலா, மீனிலா? இதற்குப் பதில் இல்லாமல் "ஆபத்தே இல்லை" என்றாலும் நம்பாதீர்கள். "எல்லாம் விஷம்" என்றாலும் நம்பாதீர்கள்.