தீப்பெட்டி ஒட்டிய தெரு

கோவில்பட்டியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் போதும், எல்லாரும் என் பையைத்தான் பார்க்கிறார்கள், கடலைமிட்டாய் இருக்கிறதா என்று. 2020-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது; இனி வெறுங்கையோடு யார் வீட்டுப் படியும் ஏற முடியாது. ஆனால் எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் வாசனை வெல்லப்பாகு அல்ல; புளித்த பசை.

அப்போதெல்லாம் அடுப்பு எரியாத வீடு உண்டு, தீப்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. கம்பெனியிலிருந்து மரச்சீவல் கட்டுக்கட்டாக வரும். நீலத்தாளில் பசை தடவி, சீவலைக் கீறல்மேல் மடக்கி, சுற்றி ஒட்டி, பார்க்காமலே பின்னால் வீசுவார்கள். பொழுது சாய்வதற்குள் சுவரோரம் பெட்டிக் குவியல் இடுப்பளவு ஏறிவிடும். கணக்கு குரோஸில்தான். ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. பக்கத்து வீட்டு அத்தை ஊர்க்கதை பூராவும் சொல்லுவாள், கை நிற்காது. அழவேண்டிய கட்டம் வந்தால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். விரலெல்லாம் பசையாயிற்றே! இப்படிக் கதை புழங்கிய எங்கள் வட்டாரத்தில் கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று மூன்று எழுத்தாளர்கள் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது எனக்கு ஆச்சரியமே இல்லை.

வானம் பார்த்த கரிசல் பூமி அது. மழை குறைவு என்பதாலேயே தீப்பெட்டித் தொழில் அங்கே வேரூன்றியது. ஐப்பசியில் மேகம் திரண்டால் மாமா வாசலில் நின்று கும்பிடுவார், அத்தை உள்ளே இருந்து வைவாள். பெட்டி காயாவிட்டால் கூலி இல்லை.

பையன்களான எங்களுக்குத் தீப்பெட்டிப் படம்தான் பணம். புலிப்படம் ஒன்று கொடுத்தால் மற்றது இரண்டு கிடைக்கும்.

இதையெல்லாம் இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியுமுன்னே கம்பெனி வண்டி கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' படத்தின் கதையே அதுதான். என்னோடு படித்த ஒருத்தி பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் வரவில்லை. கட்டை அடுக்கப் போய்விட்டாள். வரி வரியாகப் பள்ளம் வெட்டிய சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை. அப்புறம்தான் மருந்தில் முக்குவார்கள். சின்ன விரலுக்கு அது வேகமாக வரும் என்று பெரியவர்களே பெருமையாகச் சொன்னார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும் வண்டி நிற்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

இப்போது பெட்டி அட்டையில் வருகிறது, இயந்திரம் செய்கிறது. 2007-இல் ஒரு ரூபாயான விலை, இரண்டு ரூபாயாக 2021 டிசம்பர் வரை காத்திருந்தது. இடையில் பிளாஸ்டிக் லைட்டர் வந்து பிழைப்பில் கைவைத்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023-இல் தடை போட்டார்கள். எங்கள் தெருத் திண்ணைகளை இடித்துக் கடைகள் கட்டியாயிற்று. ஒன்றில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். மாறாதது எங்கள் ஊர் ஹாக்கிதான், மட்டையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் இன்னும் ஓடுகிறார்கள்.

கட்டை அடுக்கப் போனவளைப் போன பொங்கலுக்குப் பார்த்தேன். பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, நூறு நாள் வேலைக்குப் போகிறாள். மகளைக் கல்லூரியில் படிக்கவைக்கிறாள். அந்தக் காலம் திரும்பி வரட்டுமா என்று கேட்டிருந்தால் அடிக்கவே வந்திருப்பாள். ஆனால் ஒரு குறை இருக்கிறது அவளுக்கு. சம்பளம் வங்கியில் விழுகிறது, கார்டு வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கிறது.

"அப்பம்னா சனிக்கிழமை கையில வாங்குவோம்லா. இப்ப என் துட்டுக்கு நானே அவர்ட்ட கேக்கேன்" என்றாள்.