சாவி யார் கையில்?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கணக்காளர்கள், ஊக்குநர்கள், பிரதிநிதிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



குழு ஆரம்பிச்சப்போ பணப்பெட்டி ஒருத்தர் வீட்டுல, சாவி இன்னொருத்தர் வீட்டுலன்னு முடிவு செஞ்சோம். யார் மேலயும் சந்தேகப்பட்டு இல்லை. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான். இன்னைக்கு நாம் பேசப்போறதும் ஒரு சாவியைப் பத்தித்தான். ஆனா இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சாவி.

கூட்டமைப்பிலிருந்து வங்கிக்கும் தணிக்கையாளருக்கும் உறுப்பினர் பட்டியல் மின்னஞ்சல்ல போகுது. பேர், ஆதார் எண், கணக்கு எண், கைபேசி எண், கடன் பாக்கி எல்லாம் ஒரே தாள்ல. நம்ம கடன் பாக்கி பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சாலே கூசுறவங்க நாம. சாதாரண மின்னஞ்சல் போகிற வழியில் பெரும்பாலும் மூடித்தான் போகுது. ஆனா போய்ச் சேர்ந்த பிறகு அங்கே பிரிச்சபடியே கிடக்கும். நம்ம பாஸ்வேர்டு ஒருத்தர் கையில் கிடைச்சா, அஞ்சு வருஷத்துப் பட்டியலையும் உட்கார்ந்து படிக்கலாம்.

இதுக்கு வழி என்ன? கடிதத்தையே பூட்டி அனுப்பறது. அந்தக் காலத்துல பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அந்தச் சாவியை அடுத்தவருக்கு எப்படிப் பத்திரமா அனுப்பறதுன்னுதான் பெரிய தலைவலி. 1976-ல் அமெரிக்காவைச் சேர்ந்த விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் இரட்டைச் சாவி யோசனையை வெளியிட்டார்கள். நம்ம கோயில் உண்டியலை நினைச்சுக்கோங்க. யார் வேணும்னாலும் போடலாம், சாவி வச்சிருக்கறவர்தான் எடுக்கலாம். உண்டியல்தான் 'பொதுச் சாவி', அதை ஊருக்கே கொடுக்கலாம். திறக்கிற சாவி 'தனிச் சாவி', அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது. 1991-ல் ஃபில் சிம்மர்மன் என்பவர் இதைச் சாதாரண ஜனங்களுக்காக 'பிஜிபி' என்ற மென்பொருளா இலவசமாக் கொடுத்தார். அதுக்காக அவர் மேல் அமெரிக்க அரசு விசாரணை நடத்தி, 1996-ல் கைவிட்டது. பூட்டு வித்தவரை விசாரிச்ச கதைதான்!

இன்னைக்கு 'தண்டர்பேர்டு' என்ற இலவச மென்பொருளில் 2020 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கு. கணக்கு அமைப்புப் பகுதிக்குப் போய்ப் புதிய சாவி உருவாக்கணும். நாம மாத்தலைன்னா மூணு வருஷம் செல்லும். இதை அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும் செய்யுங்கள், பிரவுசிங் சென்டரில் வேண்டவே வேண்டாம். பிறகு பொதுச் சாவியை எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அவர்களுடையதையும் வாங்கணும். வாங்கினதும் போன் போட்டு, அந்தச் சாவியின் 'கைரேகை' எனப்படும் 40 எழுத்தும் எண்ணும் சரிதானான்னு வாசிச்சுப் பாருங்க. சாமி பேரை எழுதி எவனோ வச்ச உண்டியலில் காசு போட்டுடக் கூடாதில்லையா?

வங்கியில் இந்த வசதி இல்லைன்னு சொன்னா என்ன செய்யறது? பட்டியல் கோப்புக்கே பாஸ்வேர்டு போட்டு அனுப்பிட்டு, பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். அதே மின்னஞ்சலில் எழுதினா பூட்டு மேலயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.

தனிச் சாவி தொலைஞ்சா பழைய கடிதங்கள் திறக்கவே திறக்காது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று கேட்டு உதவ ஆள் கிடையாது. அதனால பாஸ்வேர்டு போட்ட நகல் ஒன்னு பென் டிரைவில் இருக்கணும். கணக்காளர் மாறினா, பழைய சாவியை ரத்து செஞ்சு எல்லாருக்கும் தெரிவிக்கணும். கல்யாணமாகிப் போன பொண்ணுகிட்ட பெட்டிச் சாவி இருக்கலாமா?

இன்னொன்னும் இருக்கு. தனிச் சாவியால் திறக்க மட்டுமில்லை, கையெழுத்தும் போடலாம். 2016 சட்டத்தில் உள்ளாட்சியில் நமக்கு 50 சதவீத இடம் வந்து, 2019 டிசம்பரில் நம்ம மாவட்டத்தில் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிஞ்சது. 15-வது நிதி ஆணைய மானியத்தை அப்போ இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தாங்க. பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதுக்குள்ள தனிச் சாவி, திறக்க ஒரு பின் நம்பர். நாளைக்கு நம்மில் யாராவது ஜெயிச்சு வந்தா, "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், நாங்க பாத்துக்கறோம்"னு டோக்கனைக் கேட்க ஆள் வரும். வீட்டுக்காரரே கேட்பார். கொடுத்தா என்ன ஆகும்? பில்லைப் போடறது அவங்க, கையெழுத்து நம்முடையது.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 42, தனிச் சாவியைப் பாதுகாக்கிற கடமை சொந்தக்காரருடையது என்கிறது. அது பிறர் கைக்குப் போயிருந்தா, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்கணும். தெரிவிக்கிற வரைக்கும் பொறுப்பு நம்ம தலைமேல்தான். அதனால டோக்கன் காணோம்னா ரெண்டு நாள் தேடிப் பாக்கலாம்னு இருக்காதீங்க. அன்னைக்கே எழுத்து மூலமாச் சொல்லி, நாளும் நேரமும் குறிச்ச பதில் வாங்கி வச்சுக்கோங்க.

அடுத்த கூட்டத்துக்குக் கணக்காளர்கள் ஆளுக்கொரு புது பென் டிரைவ் கொண்டு வாங்க. சாவி நகல் எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் ரெண்டு பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டு, பெட்டி இல்லாத வீட்டில் வைக்கலாம்.