நோட்டின் கடைசிப் பக்கத்து ரயில்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், 1983-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய சாதனைகளைச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது ஒரு பைத்தியத்தைப் பற்றி. ரயில் பைத்தியம். அதிலும் டீசல் என்ஜின் பைத்தியம். என் வகுப்பு நண்பர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும்!

1978-இல் நான் இங்கே சேர்ந்தபோது விடுதிக்குப் பின்புறம் மீட்டர் கேஜ் பாதை இருந்தது. ராத்திரி வண்டி வரும்போது ஜன்னல் கம்பி அதிரும். அந்த வண்டியை இழுத்து வந்தது ஒய்.டி.எம்.4 என்ற டீசல் என்ஜின். ஆறு சிலிண்டர். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிராட் கேஜில் அதன் அண்ணனைப் பார்ப்பேன். அவர் டபிள்யூ.டி.எம்.2. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், எடை 112 டன்னுக்கு மேல். டபிள்யூ என்றால் பிராட் கேஜ், ஒய் என்றால் மீட்டர் கேஜ், டி டீசலுக்கு, எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் என்று அர்த்தம்.

இரண்டுமே அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தவை. டபிள்யூ.டி.எம்.2 முதன்முதலில் 1962-இல் இறக்குமதியானது. 1964 முதல் வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலையில் நாமே கட்டத் தொடங்கினோம். 1969-இல் ஆல்கோ என்ஜின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. ஆனால் அதன் பிள்ளை வாரணாசியில் 1998 வரை பிறந்துகொண்டே இருந்தது. 2,000-க்கும் மேல் கட்டினார்கள். இந்த எண்களெல்லாம் எனக்கு அப்போது செமஸ்டர் பாடத்தைவிட நன்றாக மனப்பாடம்.

இனி பைத்தியத்தின் அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். என் நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் இல்லாத ரயில்களுக்கு வர்ணம் தீட்டுவேன். அந்தக் காலத்தில் பெரும்பாலான பெட்டிகள் ஒரே செங்கல் நிறம். நீலம் பரவலாக வந்தது 1990-களில்தான். என்ஜின்களுக்கு மட்டும் ஒவ்வொரு டீசல் ஷெட்டும் தனக்குப் பிடித்த வர்ணம் அடித்துக்கொள்ளும். தூரத்தில் வரும்போதே எந்த ஊர் என்ஜின் என்று சொல்லிவிடலாம். 1930-இல் டெக்கான் குயின் ஓடத் தொடங்கியபோது ஒரு வண்டித் தொடர் வெள்ளி நிறத்தில் சிவப்புக் கோடு, இன்னொன்று அடர்நீலத்தில் தங்கக் கோடு என்று படித்திருந்தேன். பம்பாய்க்காரர்களுக்கு அப்படி இருந்தால் நமக்கு ஏன் கூடாது?

ஐந்து திணைக்கும் ஐந்து ரயில் விட்டேன். குறிஞ்சி எக்ஸ்பிரஸுக்கு ஊதா கலந்த நீலம். முல்லைக்குப் பச்சை, நடுவில் வெள்ளைக் கோடு. மருதத்துக்கு விளைந்த நெல்லின் நிறம். நெய்தலுக்குக் கடல் நீலம். பாலை எக்ஸ்பிரஸுக்கு மட்டும் பளபளக்கும் வெளிர் மஞ்சள், ஏறக்குறைய வெள்ளை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த வண்டி.

ஒருநாள் அனல் பொறியியல் வகுப்பில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். சார் நோட்டை எடுத்தார்.

"என்னப்பா இது?"

"பாலை எக்ஸ்பிரஸ், சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. என்ஜினின் நீண்ட உடம்பின் கடைசியில் நான் வரைந்திருந்த பலகணியைக் காட்டி, "இதுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "கோடெல்லாம் நேரா இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம வெளியில வர்ணம் பூசினா எப்படி? தெரிஞ்சுகிட்டு வந்து சொல்லு."

எனக்குக் கேட்பதற்கு ஒரே ஆள்தான். என் அப்பா. அவர் ரயில்வேயில் டிரைவர். வெகுகாலம் நீராவி என்ஜின், பிறகு டீசல். வேலை முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். எங்களுக்குள் பேச்சு குறைவு. "இந்த வேலை என்னோட போகட்டும், நீ படி" என்பது மட்டும் அடிக்கடி சொல்வார். அத்தனை என்ஜின் எண்களை மனப்பாடம் செய்த நான், அதற்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தீபாவளி லீவில் நோட்டை அவர் முன் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பலகணிக்குப் பின்னால் ரேடியேட்டர், அதற்கு மேலே பெரிய மின்விசிறி என்றார். கரும்புகை ஏன் வருகிறது என்றும் சொன்னார். டிரைவர் நாட்ச் ஏற்றியதும் எண்ணெய் உடனே உள்ளே போய்விடும். ஆனால் காற்றைத் தள்ளும் டர்போ, புகையின் வேகத்தில் சுழல்வது. அது வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அதுவரை காற்று போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரும்புகை கிளம்பும். எங்கள் பாடப் புத்தகம் நான்கு பக்கத்தில் சொன்னதை அவர் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு பாலை எக்ஸ்பிரஸைப் பார்த்துக் கேட்டார்: "வண்டி எந்தப் பக்கம் போகுது?"

நீண்ட மூக்கு முன்னால் என்றேன்.

"அப்போ டிரைவர் எங்கே இருக்கான்?"

பின்னால் இருந்த கேபினைக் காட்டினேன்.

"இந்த உடம்பு பூரா அவன் முன்னாடி நிக்குது. ஓரமாத்தான் பார்க்கணும். வளைவு அந்தப் பக்கம் திரும்பிச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. அசிஸ்டெண்ட் சிக்னலைப் பார்த்துச் சத்தமாச் சொல்லணும், நான் திருப்பிச் சொல்லணும். சித்திரை மாச மத்தியானத்துல இந்தப் பக்கம் வெள்ளையா மின்னினா என் கண்ணு என்ன ஆகும்?"

பென்சிலை வாங்கி, கேபின் ஜன்னலை ஒட்டிய பகுதியை மங்கலான சாம்பல் நிறமாகத் தீட்டினார். "மிச்சம் உன் கலர் இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் "புதுசா என்ன வண்டி விட்டிருக்கே?" என்று அவரே கேட்பார். நாங்கள் பேசத் தொடங்கியது அப்படித்தான். சாரிடம் போய் விடையைச் சொன்னபோது, "இதை யாருகிட்ட கேட்டே?" என்றார். சொன்னேன். "நல்ல ஆள்கிட்டதான் கேட்டிருக்கே" என்றார்.

படித்து முடித்து நான் ரயில்வேக்குப் போகவில்லை. தொழிற்சாலை இயந்திரங்களை வடிவமைக்கும் வேலையில் 35 வருடங்கள் இருந்தேன். எந்த வரைபடம் மேசைக்கு வந்தாலும் என் முதல் கேள்வி, "இதை ஓட்டுறவர் எங்கே நிற்பார், அவருக்கு என்ன தெரியும்?" என்பதுதான். என் கீழ் வேலை பார்த்த இளைஞர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அது என் கேள்வி இல்லை, அப்பாவின் கேள்வி என்பது அவர்களுக்குத் தெரியாது.

1992-இல் எல்லாவற்றையும் ஒரே அகலப் பாதையாக்கும் திட்டம் வந்தது. விடுதிக்குப் பின்னால் இருந்த மீட்டர் கேஜும் போய்விட்டது. இன்று அங்கே மின்கம்பி ஓடுகிறது. 2020-இல் வாரணாசித் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே டீசல் என்ற சொல் போய்விட்டது. இப்போது அங்கே மின்சார என்ஜின் கட்டுகிறார்கள். எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் முதல் டபிள்யூ.டி.எம்.2 சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்துத் தொண்டை அடைத்தவன் நான். ஆனால் மின்சார என்ஜினில் டிரைவர் முன்னாலேயே உட்கார்கிறார். பாதை முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பா இருந்திருந்தால் என் வருத்தத்தைக் கேட்டு, "உனக்கென்னப்பா, நீ பிளாட்பாரத்துல நின்னு பார்த்தவன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அவர் 2006-இல் காலமானார். அவர் சாம்பல் நிறம் தீட்டிய அந்த நோட்டை இன்று கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கிறேன். தம்பி தங்கைகளே, கடைசியில் பத்துப் பக்கம் காலியாக இருக்கிறது. வகுப்பில் வேண்டாம், ஓய்வு நேரத்தில் உங்கள் வண்டியை அதில் வரையுங்கள். வரைந்ததை உங்களுக்குத் தெரிந்த டிரைவர் யாரிடமாவது ஒரு தடவை காட்டுங்கள். பஸ் டிரைவராக இருந்தாலும் சரி.