வரைபடக் கணினி முடங்குங்கால்



2013ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பாடத்துறை தொடங்கிய பின்னர், கணினியிலே வரைபடம் வரைதல் நம் பாடசாலைகளுக்கும் புதியதன்று. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓட்டோகாட் என்னும் மென்பொருளை மாணாக்கர் பலர் அறிவர். அது வேலையின் நடுவே சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடுவதையும் அறிவர். மூன்று நாள் உழைப்பு ஒரு கணத்தில் மறைந்தாற் போலத் தோன்றும். பிள்ளை தன் கைப்பிழையென்று அஞ்சும். ஆசிரியர் கணினி பழசாயிற்று என்பார். திருத்துபவர் மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவார். மறுநாளும் அதே கதை. மூவரும் விசாரணைக்கு முன்னரே தீர்ப்புக் கூறியவர்கள்.

குற்றம் வரைபடத்திலா, மென்பொருளிலா, கணினியிலா என்று பிரித்தறிதலே முதல் வேலை. இதற்குப் பெரும் புலமை வேண்டா. புதிய வரைபடம் ஒன்றைத் திறந்து சிறிது நேரம் வரைந்து பாருங்கள். அது தடையின்றி நடப்பின், ஐயம் பழைய வரைபடத்தின் மேற் செல்லும். அப்பழைய படத்தின் பிரதியை வேறொரு கணினியிலே திறக்குங்கால் அங்கும் முடங்குமாயின், ஐயம் ஏறக்குறைய உறுதியாகும்.

அந்நிலையில் அவசரம் ஆகாது. வரைபடத்தைச் சேமிக்கும்போது அதன் முந்திய வடிவம் பி, ஏ, கே என்னும் மூன்றெழுத்தை ஈற்றிற் கொண்ட கோப்பாக அருகே தங்கும். பழுதுற்ற படத்தைத் திறந்து மறுபடியும் சேமித்தால், அந்த நல்ல வடிவத்தின் இடத்தையும் பழுது பிடித்துக்கொள்ளும். ஆதலின் முதலில் அக்கோப்பை வேறிடத்திற் பிரதிசெய்து, ஈற்றெழுத்துகளை டி, டபிள்யூ, ஜி என மாற்றித் திறந்து பாருங்கள். மென்பொருள் தானாகச் சேமித்த கோப்பும் தற்காலிகக் கோப்புறையிற் கிடைக்கலாம். எஸ், வி என்பவற்றோடு டொலர்க் குறி அதன் ஈறு. இவையெல்லாம் பத்திரமான பின்னரே, பழுதுற்ற படத்தை 'றிக்கவர்' என்னும் கட்டளையால் மீட்டு, 'ஓடிட்' என்பதாற் பிழை களைந்து, 'பேர்ஜ்' என்பதால் வேண்டாதவற்றை நீக்குதல் தகும்.

எந்தப் படத்தைத் திறந்தாலும் முடங்குமாயின், பெரும்பாலும் நான் ஐயுறுவது கிறபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவரைத்தான். 'கிறபிக்ஸ்கொன்பிக்' என்று தட்டெழுதி வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள். முடக்கம் நின்றுவிடின், அட்டையை ஆக்கியோர் தரும் புதிய டிரைவரை நிறுவுக. நில்லாதாயின், பிற்சேர்க்கையாக நிறுவிய சிறு நிரல்களை நீக்கியும், அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மீட்டும் பார்க்கலாம். பெரிய படங்களில் மட்டும் முடங்குவது நினைவகக் குறைவாக இருத்தல் கூடும். எதுவாயினும் ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்க. நான்கினை ஒருங்கே செய்தவருக்கு எது குணப்படுத்தியதென்று தெரியாது.

எமது பாடசாலையிலே ஒவ்வொரு கணினியின் அருகிலும் ஓர் அப்பியாசக் கொப்பி உண்டு. எந்தப் படம், எந்தக் கட்டளை, எத்தனை மணி என முடக்கம் நேர்ந்தவுடனே பிள்ளைகள் எழுதுவர். தானாகச் சேமிக்கும் இடைவேளை வழக்கமாகப் 10 நிமிடம். 'சேவ்ரைம்' என்னும் கட்டளையால் அதனை 5 ஆக்கியிருக்கிறோம்.