சிரிச்சுச் சிரிச்சே பேசப் பழகினோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)





எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிஷம். பின் வரிசையில ஒரு தங்கச்சி மடியில மூணு ஜாக்கெட் துணியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அது எதுக்குன்னு எங்க குழுக்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

நான் திருப்புட்குழிக்கு வாக்கப்பட்டு வந்து 16 வருஷம் ஆகுது. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். வீட்டு வேலை, ரெண்டு பசங்க, ஒரு கறவை மாடு, இதுதான் என் உலகம். குழுவுல நான் பிரதிநிதி. கணக்கு நோட்டு எழுதுறதும் நான்தான். சந்தா எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் எத்தனை தவணை பாக்கின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா நாலு பேர் முன்னாடி எழுந்து நில்லுன்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழு இட்லி மாவு அரைச்சு விக்கிறதுக்காக பெரிய கிரைண்டர் வாங்க கடன் கேட்டுச்சு. கம்பெனிக்கு வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்க நம்ம பக்கம் நிறைய பேர். அவங்களுக்கு மாவு கொடுத்தா போதும், நல்லா ஓடும். அன்னைக்கு எங்க ஊக்குநர் அக்காவுக்கு உடம்பு சரியில்ல. அதனால வங்கிக்கு நானும் இன்னொரு அக்காவும் போனோம். எந்த வங்கின்னு சொல்ல வேணாம். அங்க இருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு விக்கும்? எவ்வளவு மிஞ்சும்?"

கணக்கு எனக்குத் தெரியும். நோட்டு என் கையிலதான் இருந்துச்சு. ஆனா வாயில ஒரு வார்த்தை வரல. கூட வந்த அக்கா என்னைப் பார்த்தாங்க, நான் தரையைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பேசத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்கம்மா"ன்னு ஃபைலை மூடிட்டார்.

பஸ்ஸுல வரும்போது அழுதுக்கிட்டே வந்தேன். பத்துப் பேரோட காசு விஷயம், என் வாயால போச்சேன்னு. வீட்டுக்கு வந்ததும் எங்க குழுவிலேயே மூத்தவங்க, அந்த ஆயா தேடி வந்தாங்க. "வறுத்த பயறே முளைக்கிற ஊருடி இது. உன் வாய் முளைக்காதா?"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர் தாயார் சன்னதியில பிள்ளை வரம் வேண்டி, வறுத்த பயறை மடியில கட்டிக்கிட்டுப் படுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதைத்தான் ஆயா சொன்னாங்க.

அந்தப் பொங்கலுக்கு எங்க குழு அக்காவோட பொண்ணு சென்னையில இருந்து வந்துச்சு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அவங்க கம்பெனியில பேசிப் பழகுறதுக்குன்னே ஒரு கிளப் இருக்காம். டோஸ்ட்மாஸ்டர்ஸ்னு பேரு. 1924-ல அமெரிக்காவுல சாண்டா அனாங்கிற ஊர்ல ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. இப்ப உலகம் பூரா இருக்கு. அங்க வாத்தியார் கிடையாது. உறுப்பினருங்களே மாத்தி மாத்திப் பேசுவாங்க, அவங்களே ஒருத்தருக்கொருத்தர் திருத்தம் சொல்லுவாங்க.

"பொம்பளைங்களும் இருக்காங்களா?"ன்னு கேட்டோம். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு ஒரு கதை சொல்லுச்சு. முதல்ல அந்தக் கிளப்புல பெண்களைச் சேர்க்கவே மாட்டாங்களாம். 1970-ல ஹெலன் பிளான்சர்டுன்னு ஒரு அம்மாவை, ஹோமர்னு ஆம்பளை பேரா எழுதிக் கொடுத்துதான் சேர்த்தாங்களாம். 1973-லதான் பெண்களும் சேரலாம்னு விதியை மாத்தினாங்க. 1985-ல அதே ஹெலன் அம்மா மொத்த அமைப்புக்கும் முதல் பெண் தலைவி ஆயிட்டாங்க. உடனே எங்க ஆயா, "நமக்கு ஆம்பளை பேரு எல்லாம் வேணாம்டி. நம்ம பேர்லயே ஆரம்பிப்போம்"னாங்க.

மாசத்துல ரெண்டு ஞாயிறு, மதியம் மூணு மணி, நம்ம கூட்டமைப்புக் கட்டடம். இப்படித்தான் ஆரம்பிச்சது. கிளப்புன்னு பேரு வைக்கல. "பேச்சு ஞாயிறு"ன்னு சொல்லுவோம்.

முதல் ஞாயிறு தலைப்பு "என் குடும்பம்". ரெண்டு நிமிஷம் பேசணும். முதல் ஆளா எழுந்த அக்கா, "அனைவருக்கும் வணக்கம்"னாங்க. சுத்திப் பார்த்தாங்க. "நன்றி, வணக்கம்"னு உட்கார்ந்துட்டாங்க. நேரம் குறிக்கிற தங்கச்சி, அஞ்சு செகண்டுன்னு நோட்டுல எழுதுச்சு. அடுத்து எழுந்த பெரியம்மா நாத்தனார் கல்யாணத்துல ஆரம்பிச்சு, சீர்வரிசை, பந்தி, பந்தியில உப்பு கம்மின்னு இருபத்தி மூணு நிமிஷம் பேசினாங்க. குடும்பம் வரவே இல்ல.

அப்பத்தான் நேரத்துக்கு ஒரு வழி பண்ணணும்னு தோணுச்சு. அந்தக் கிளப்புல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு விளக்கு காட்டுவாங்களாம். பச்சைன்னா குறைஞ்ச நேரம் பேசியாச்சு, மஞ்சள்னா முடிக்கப் பார், சிவப்புன்னா நேரம் முடிஞ்சது. நாம விளக்குக்கு எங்க போறது? எங்க டைலர் அக்கா மூணு கலர்ல ஜாக்கெட் துணி கொண்டு வந்தாங்க. அடுத்த வாரம் ஆயா பேசிக்கிட்டு இருக்காங்க. தங்கச்சி பச்சைத் துணியைத் தூக்கிக் காட்டுச்சு. ஆயா பார்த்துட்டுப் பேச்சைத் தொடர்ந்தாங்க. மஞ்சளைக் காட்டுச்சு. சிவப்பைக் காட்டினதும் ஆயா பேச்சை நிறுத்திட்டு நேரா போய் அதைக் கையில வாங்கிக்கிட்டாங்க. "எனக்கு இந்தச் சிவப்புதான்டி பிடிச்சிருக்கு. யாரு எடுத்தது?" அன்னைக்கு அதுக்கு மேல யாரும் பேசல. சிரிப்பை அடக்கவே நேரம் சரியா இருந்துச்சு. அந்தத் துணியை ஆயாவுக்கே தைச்சுக் கொடுத்துட்டோம். இப்ப இருக்கிறது வேற சிவப்பு.

நம்ம பேச்சுல "வந்து", "அப்புறம்", "இன்னான்னா" இதெல்லாம் எவ்வளவு வருதுன்னு நமக்கே தெரியாது. அந்தக் கிளப்புல அதை எண்ணுறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பாங்களாம். எங்களுக்கு ஒரு பித்தளைச் சொம்பும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும். ஒரு "வந்து"க்கு ஒரு கொட்டை. "டிங்"னு சத்தம் கேட்கும். ஒரு அக்கா பேசும்போது டிங், டிங்னு மாரி மழை மாதிரி விழுது. அவங்க கோபமா, "நான் வந்து..." டிங். "இல்ல, வந்து..." டிங். "ஐயோ, வந்துன்னு சொல்லலைடி..." டிங். கடைசியில எண்ணிப் பார்த்தா 31 கொட்டை. "வறுத்துக் கொடுங்க, எம் பேரனுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்"னு முந்தானையை விரிச்சாங்க. இன்னைக்கு அதே அக்கா மூணு நிமிஷம் பேசினா, ரெண்டு கொட்டைக்கு மேல விழாது.

ஒருத்தர் பேசி முடிச்சதும் இன்னொருத்தர் கருத்து சொல்லணும். முதல்ல நல்லதைச் சொல்லணும், அப்புறம் திருத்தம், கடைசியில மறுபடியும் நல்லது. இதுதான் முறை. முதல் தடவை ஒரு தங்கச்சி சொன்ன கருத்து இது: "அக்கா நல்லா பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு ஒண்ணும் புரியல. புடவை நல்லா இருந்துச்சு." முறைப்படிதானே சொன்னாங்க, குத்தம் சொல்ல முடியுமா?

அதே சொம்புல தலைப்புச் சீட்டும் போடுவோம். வர்ற சீட்டை எடுத்து, யோசிக்காம உடனே பேசணும். ஒரு நாள் ஒரு தங்கச்சிக்கு "என் மாமியார்"னு வந்துச்சு. மாமியார் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்காங்க. அந்தத் தங்கச்சி ஒரு தடவை முழுங்கிட்டு, மாமியாரை அப்படிப் புகழ்ந்துச்சு. அவங்க வைக்கிற கருவாட்டுக் குழம்பு, பிரசவத்தப்போ பார்த்துக்கிட்டது, எல்லாத்தையும். கருத்து சொல்ற முறை அன்னைக்கு அந்த மாமியாருக்கே வந்துச்சு. அவங்க எழுந்து, "மருமக சொன்னது எல்லாம் நல்லா இருந்துச்சு. ஒரே ஒரு திருத்தம். இதை வீட்டுலயும் ஒரு நாள் சொன்னா இன்னும் நல்லா இருக்கும்"னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அந்த ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி.

இவ்வளவு நடந்தும் நான் பேசவே இல்ல. என் முறை வந்தா கணக்கு நோட்டு எழுதுறேன்னு சாக்கு சொல்லுவேன், டீ போடப் போயிடுவேன். ஒரு ஞாயிறு மழை மூட்டம், நேரம் ஆயிடுச்சு. தப்பிக்க முடியாம எழுந்து நின்னேன். கை நடுங்குது. அந்த நேரம் பார்த்து கரண்டு போச்சு. ஒரே இருட்டு. யார் முகமும் தெரியல. எனக்கு என்ன ஆச்சோ தெரியல, பேச ஆரம்பிச்சேன். அந்த வங்கி அதிகாரி முன்னாடி சொல்ல முடியாததை எல்லாம் சொன்னேன். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. நாளைக்கு இருபது கிலோ மாவு. கிலோ 40 ரூபான்னா 800. அரிசி, உளுந்து, கரண்டு, கவர் எல்லாம் சேர்த்து 510 போகும். 290 கையில நிக்கும். கடகடன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், பொசுக்குன்னு கரண்டு வந்துச்சு. எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. அதோட வாய் நின்னு போச்சு.

அடுத்த வாரம் நான் எழுந்ததும் ஆயா ஸ்விட்ச் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, "அணைக்கட்டுமாடி?"ன்னாங்க. நான் சிரிச்சிட்டேன். சிரிச்சதுல பயம் கொஞ்சம் விட்டுப் போச்சு. வெளிச்சத்துலயே ரெண்டு நிமிஷம் பேசினேன். பதினாலு கொட்டை விழுந்துச்சு. எனக்கு அது பெரிய பரிசு மாதிரி இருந்துச்சு.

நாலு மாசம் கழிச்சு அதே வங்கிக்குப் போனோம். அதே நாற்காலி, அதே அதிகாரி. எங்க ஊக்குநர் அக்கா நல்லாத்தான் இருந்தாங்க. ஆனா "நீதான் பேசணும்"னு பின்னாடியே நின்னுட்டாங்க. அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே, "சார், ஒரு நாளைக்கு இருபது கிலோ"ன்னு ஆரம்பிச்சேன். நடுவுல ஒரு "வந்து" வந்துடுச்சு. என் காதுல "டிங்"னு கேட்டுச்சு. சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கணக்கைச் சொல்லி முடிச்சேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "கணக்கு யார் எழுதினது?"ன்னார். "நான்தான் சார்"னேன். கடன் வந்துச்சு. கிரைண்டர் ஓடிக்கிட்டு இருக்கு. தவணை ஒண்ணுகூட நிக்கல.

சகோதரிகளே, பேசத் தெரிஞ்சவங்களைக் கூட்டிக்கிட்டு வான்னு சொன்னாரே, கூட்டிக்கிட்டுப் போனது என்னையேதான். நமக்குப் பேச்சு தெரியாம இல்ல. தப்பாப் பேசினா சிரிப்பாங்களேன்னுதான் பயம். எங்க பேச்சு ஞாயிறுல எல்லாரும் தப்பாப் பேசினோம், எல்லாரும் சிரிச்சோம், நாமளே நம்மளப் பார்த்தும் சிரிச்சோம். ஒரு தடவை சிரிச்சுப் பழகிட்டா, அப்புறம் யார் சிரிச்சாலும் உறைக்காது.

நம்ம மாவட்டத்து உத்திரமேரூர்ல வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு எடுத்த விவரம் அதுல இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியது. எங்க சொம்புச் சீட்டு மாதிரிதான். ஆனா அந்தக் குடத்துல பேர் போடணும்னா சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் படிச்சிருக்கணும். அந்தக் கணக்குல பார்த்தா நம்மள்ல எத்தனை பேர் பேரு ஓலையில ஏறியிருக்கும்? இன்னைக்கு உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்குன்னு 2016-ல சட்டமே வந்துடுச்சு. கிராம சபையும் வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தேதிகளைக் காலண்டர்ல வட்டம் போட்டு வையுங்க. அங்க போய் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராதீங்க. ஒரு கேள்வியாவது எழுந்து கேளுங்க. போன கிராம சபைக்கு எங்க குழுவுல இருந்து பதினோரு பேர் போனோம். மூணு பேர் எழுந்து பேசினாங்க. அதுல ஒருத்தர் அந்த 31 கொட்டை அக்கா.

உங்க குழுவுலயும் இதை ஆரம்பிக்கலாம். செலவே இல்ல. ஒரு சொம்பு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, மூணு ஜாக்கெட் துணி. வீட்டுக்கு ஒரு பொம்பளை வந்தா போதும். துணியை மட்டும் ஆயாங்க கண்ணுல படாம வையுங்க.

அதோ, தங்கச்சி சிவப்பைத் தூக்கிடுச்சு.