குங்ஃபூ படமும் கூத்துப் பார்த்த கண்ணும்



இலக்கியத் தொடரில் குங்ஃபூ படத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். கூத்தைப் பற்றிப் பேச இங்கே இடமிருந்தால், இந்தச் சீனத்து உறவைப் பற்றிப் பேசவும் இடமிருக்க வேண்டும் என்பது என் கட்சி. இவற்றை வெறும் அடிதடிப் படங்கள் என்று ஒதுக்குவோர் படத்தின் பாதியைக் கவனிக்கத் தவறியவர்கள். அடிப்பதற்கு முன்னர் ஒருவன் இருந்து கற்கின்ற பாதி அது.

1990களில் வற்றாப்பளைப் பக்கத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைக் காலம். தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்ப்போம். இரண்டு தமிழ்ப் படம் முடிந்தபின் பெடியளுக்காக ஒரு குங்ஃபூ படம் ஓடும். வாயசைவோடு ஒட்டாத ஆங்கிலக் குரல் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கதை விளங்கவில்லை என்று சொன்னவரும் இல்லை. கிழவர்கள்கூட எழும்பிப் போகாமல் இருந்து பார்த்தார்கள். வைகாசிப் பொங்கலையும் கோவலன் கூத்தையும் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆட்டம் எது, வெறும் துள்ளல் எது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

அது தற்செயலாக நேர்ந்த பொருத்தமல்ல. ஹொங்கொங் சண்டைப் படத்தின் வேர் சீன இசை நாடக மேடையில் இருக்கிறது. கிங் ஹூ 1966இல் 'கம் டிரிங் வித் மீ' எடுத்தபோது சண்டைகளை அமைக்க அழைத்தது ஹான் யிங்-ஜீ என்ற பீக்கிங் நாடகக் கலைஞரை. ஜாக்கி சான் ஏழு வயதில் பீக்கிங் நாடகப் பள்ளியொன்றில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர். சம்மோ ஹங்கும் யுவன் பியாவும் அதே ஆசிரியரிடம் பிரம்படி வாங்கியவர்கள். அந்த மேடையில் பறையும் தாளமும் அடியின் நேரத்தைச் சொல்லும். உச்சத்தில் நடிகன் ஒரு கணம் அசையாமல் நின்று தன்னைக் காட்டுவான். நம் மத்தளம் தீர்மானம் வைக்கும்போது ஆட்டக்காரன் நிற்பானே, அந்த நிலைதான். 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் கிங் ஹூ தம் நாட்டு மேடையைத் திரைக்குக் கொண்டுபோனார். அவருடைய 'எ டச் ஆஃப் சென்' 1975இல் கான் விழாவில் தொழினுட்பத்துக்கான பெரும் பரிசைப் பெற்றது.

இடையில் ஒன்று. 2011இல் '7ஆம் அறிவு' வந்தபின், குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதருமர் கொடுத்த கொடை என்று பேசுவது நம்மிடையே பெருகிவிட்டது. போதிதருமர் வாழ்ந்தது 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில். அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பும் உண்டு, பாரசீகர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. ஆனால் சாவோலின் பயிற்சியோடு அவரை இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டினது. இடையில் ஆயிரம் ஆண்டு இடைவெளி. இந்தப் படங்களை நாம் விரும்புவதற்குச் சொந்தம் கொண்டாடத் தேவையில்லை.

இனிக் கற்கின்ற பாதிக்கு வருகிறேன். 1978இல் வந்த 'சாவோலினின் 36ஆவது அறை' படத்தை இயக்கிய லாவ் கார்-லியூங் தாமே பரம்பரை வித்தைக்காரர். அவருடைய தந்தையின் ஆசான் லாம் சாய்-விங். லாமின் ஆசான் புகழ்பெற்ற வொங் ஃபே-ஹுங். நம் அண்ணாவிமார் தம் வழியைச் சொல்வது போலவே இவர்களும் சொல்வார்கள். கோர்டன் லியூ நடித்த மாணவன் மஞ்சு ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி மடத்துக்கு வருகிறான். நெஞ்சில் பழி. எடுத்த எடுப்பில் மேலான அறைக்குள் நுழைந்து, ஒன்றும் விளங்காமல் திரும்பி, அடிமட்ட அறையில் தொடங்குகிறான். அங்கே சண்டை கற்பிப்பதில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்குப் போக நீரில் மிதக்கும் கட்டையை மிதித்துத் தாண்ட வேண்டும். தாண்டாதவன் நனைவான், பசி கிடப்பான். அடுத்து இரு கையையும் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் புயத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். பின்பு நீண்ட மூங்கிலின் முனையில் பாரமான தலை கொண்ட சுத்தியலால், மணிக்கட்டின் பலத்தை மட்டும் கொண்டு மணியை அடிக்க வேண்டும். படத்தின் பெரும்பகுதி இதுதான். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கற்றலை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் மிகச் சில.

இங்கே நம் கண்ணகியை நினைக்கிறேன். மதுரையை எரித்த கோபம் தணியாமல் வந்த அம்மன் வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது ஊர் ஐதீகம். அவளைக் குளிர்விக்கவே பொங்கலும் மடையும். கடல்நீரில் விளக்கெரியும் அந்தத் தலத்தில் கோபம் என்பது தெய்வத்தின் உடைமை. மனிதன் அதைக் கையில் எடுத்தால் என்ன செய்வது என்பதற்குக் கூத்து விடை சொல்வதில்லை, புலம்பலோடு நின்றுவிடுகிறது. குங்ஃபூ படம் ஒரு விடை சொல்கிறது. கோபத்தோடு வந்தவனை, முதலில் தண்ணீர் அள்ளு என்கிறது. 36ஆவது அறை என்பது, கற்றதை மடத்துக்கு வெளியே சாதாரண சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த மாணவன் கேட்ட புது அறை. பழி தீர்ந்த பின்னும் படம் அந்த வகுப்பறையில்தான் முடிகிறது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுக்கியது சாங் சே 1967இல் எடுத்த 'ஒற்றைக்கை வாள்வீரன்'. ஆசானின் மகள் ஒரு சினத்தில் ஃபாங் காங்கின் வலது கையை வெட்டிவிடுகிறாள். ஒரு குடியானவப் பெண் அவனைக் காப்பாற்றித் தன் தகப்பன் விட்டுப்போன வித்தை நூலைக் கொடுக்கிறாள். அதுவும் பாதி எரிந்த நூல். எஞ்சியது இடக்கைப் பாடம் மட்டும். அவனிடம் இருப்பதோ தன் தகப்பனின் முறிந்த வாள். கையும் பாதி, நூலும் பாதி, வாளும் பாதி. எதிரிகள் ஆசானின் சீடர்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிறார்கள். அந்தப் பள்ளியின் வாளைக் கவ்விப் பிடிக்கும் கருவியொன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். முறிந்த வாள் அதற்குள் அகப்படுவதில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது வற்றாப்பளைக்கு எதிரே, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில். அதன்பின் இங்கே ஜெய்ப்பூர்க் காலுடன் சைக்கிள் ஓடப் பழகியவர்களும், இடக்கையால் எழுதப் பழகியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். சண்டைக்குக் கைதட்டியவர்கள், இடக்கையால் வாள் பிடிக்கத் தெரியாமல் அவன் தடுமாறும் இடத்தில் அமைதியானார்கள். பின்வாங்கில் இருந்த ஒருவன், "சேர், எங்கட மாமாவும் உப்பிடித்தான் முதல் கோப்பையைக் கீழ போட்டவர்" என்றான். வீரத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை மடித்து வைத்துவிட்டேன். அன்று முழுக்க அவர்கள் பேசியது மாமாவைப் பற்றியே.

இதே சாங் சே 1978இல் 'கிரிப்பிள்ட் அவெஞ்சர்ஸ்' என்ற படத்தையும் எடுத்தார். பார்வை இழந்தவன், கேட்கவும் பேசவும் முடியாதவன், கால்களை இழந்தவன், புத்தி பேதலித்தவன் என நால்வர் சேர்ந்து கற்பது கதை. கலையாக அது முன்னதற்கு ஒரு படி குறைவுதான். ஆயினும் ஒருவன் குறையை மற்றவன் ஈடுசெய்யும் பயிற்சிக் காட்சிகளுக்காகப் பார்க்கலாம்.

இப்படங்களைப் புதிதாகப் பார்க்க நினைக்கும் நேயர்கள் சீன மொழியிலேயே, எழுத்து வரியோடு பாருங்கள். ஆங்கிலக் குரல் பெரும்பாலும் கேலிக்கூத்து. பார்க்கும்போது அடி விழும் இடத்தை விட்டுக் காலைக் கவனியுங்கள். கூத்துப் பார்க்க வந்த பழைய ஆட்கள் முதலில் பார்த்ததும் கால்தான்.